சாத்தாத கதவு – 9: உறைக்கு ஒரு கரண்டி தயிர்

வைஜயந்தி தாவ்டே திருடி என்று பெயர் வாங்கி இரண்டு நாள் ஆகிறது. வாங்கிக் கொடுத்தது ஒரு கரண்டி தயிர்.

போன வாரம் தவறவிட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் இந்த இடத்தில் ஒரு வாய் டீ குடித்துக்கொள்ளலாம். லால்பாகில் பீக்கோபா சால் என்ற பழைய வாடகைக் குடியிருப்பு இருந்த இடத்தில், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்துக்கு ஒரு கட்டடம் எழும்பிவிட்டது. நீள வராந்தாவும் ஒற்றை அறைகளுமாகச் சாலில் காலம் தள்ளியவர்களுக்குக் கீழ்மாடிகள். காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு மேல்மாடிகள். பீக்கோபாவின் பெயரில் முதல் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பில்டர் அதற்கு 'பி ரெசிடென்சி' என்று நாமகரணம் செய்துவிட்டார்.

ஏழாவது மாடியில் மட்டும் இரண்டு ரகமும் எதிரெதிர் வாசல். இந்தப் பக்கம் தாவ்டே குடும்பம், அந்தப் பக்கம் லக்னோவிலிருந்து வந்த பூர்வியும் அவள் புருஷனும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வைஜயந்தி பாலைக் காய்ச்சி ஆற வைத்துவிட்டுப் பார்த்தால், உறை ஊற்றத் தயிர் இல்லை. சிராவண விரத மாதம், வீட்டில் மீன் கிடையாது. தயிரும் இல்லையென்றால் மறுநாள் சோற்றுக்கு என்ன ஊற்றுவது? எதிர்வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே போனாள், ஃபிரிட்ஜைத் திறந்தாள், ஒரு கரண்டி எடுத்தாள், "பூர்வி, தயிர் எடுத்துக்கிட்டேன்" என்று ஒரு குரல் கொடுத்தாள், வந்துவிட்டாள்.

சாலில் பிறந்தவர்கள் யாரும் இதற்கு மேல் ஒரு சொல் கூடச் சொல்ல மாட்டார்கள். அங்கே கதவு என்பது ராத்திரி தூங்கும்போது சாத்துவது. பகலில் ஒரு வீட்டுக் கதவு மூடியிருந்தால், உள்ளே யாருக்கு என்ன ஆச்சோ என்று வராந்தா முழுக்கக் கூடிவிடும்.

பூர்வி காதில் எதையோ மாட்டிக்கொண்டு உள்ளறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சமையலறை மூலையில் ஒரு கேமரா இருந்தது. ஆபீசில் இருந்த புருஷன் கையிலிருந்த போனில் வைஜயந்தி குனிவதும் கரண்டியை நீட்டுவதும் அச்சு அசலாகத் தெரிந்தது. இருட்டுவதற்குள் அது கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஏறி, பாதுகாப்பு என்பது இந்த லட்சணத்தில் இருக்கிறதா என்ற கேள்வியோடு எல்லா மாடிக்கும் போய்ச் சேர்ந்தது.

அங்கிருந்து தொடர்வோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வைஜயந்தி எப்போதும்போல எழுந்தவுடன் வாசல்கதவை அகலத் திறந்து, அது சாத்திக்கொள்ளாமல் அரைகல்லை முட்டுக் கொடுத்தாள். மிக்ஸி வந்த பிறகு அந்தக் கல்லுக்கு வேறு வேலை இல்லை. எதிர்க்கதவு இறுக மூடியிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது.

பஸ் கண்டக்டராகத் தோளில் பை மாட்டி இந்த ஊரை மேய்த்தவள் அவள். குடிகாரனையும் பிக்பாக்கெட்டையும் ஒரு அதட்டலில் இறக்கிவிட்டவள். திருடி என்று குழுவில் எழுதியவர்களை நினைத்தால் அவளுக்குக் கோபம்தான் வந்தது. வலித்தது வேறொன்று. நேற்றுக் காலை பூர்வி வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டு, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொன்னபோது அந்தப் பெண் நல்லவிதமாகத்தான் சிரித்தாள். சிரித்துவிட்டு, "தயிர் ஒண்ணுமில்ல ஆன்ட்டி, ஆனா அந்த வீடியோவைப் பார்த்ததும் எனக்குப் பயமா இருந்துச்சு" என்றாள்.

தன்னைப் பார்த்து ஒரு பெண் பயப்படுவாள் என்று வைஜயந்தி கனவிலும் நினைத்ததில்லை. ராத்திரி முழுக்க அந்த ஒரு சொல் அவளைப் படுக்கவிடவில்லை.

காலை டிபனுக்கு அவல் போஹே தாளித்துக்கொண்டிருந்தபோது பபன் வந்தான். வந்தான் என்றால், செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையலறைக்குள் நுழைந்து, அடுப்பிலிருந்த டீயைத் தானே ஊற்றிக்கொண்டு மேடைமேல் சாய்ந்து நின்றான். பழைய சாலில் அடுத்த அறைக்காரன், கணபதி விழா நடத்தும் மண்டலின் செயலாளர், வைஜயந்தியை 'வயினி' என்று கூப்பிடும் கொழுந்தன் முறை. முகத்தில் ஈயாடவில்லை.

அவன் சுற்றி வளைத்துச் சொன்னதன் சாரம் இதுதான். சாயங்காலம் கூட்டம். கட்டடச் சங்கத்துச் சேர்மன் கார்க்கானிஸ் இரண்டு கேட்கிறார். எல்லார் முன்னாலும் வைஜயந்தி எழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். இனிமேல் எல்லா வீட்டுக் கதவும் எப்போதும் சாத்தியிருக்க வேண்டும் என்ற விதிக்குப் பழைய ஆட்கள் கை தூக்க வேண்டும். இரண்டும் நடந்தால், சாலில் வருஷா வருஷம் பத்து நாள் வைக்கிற கணபதியைக் கீழே லாபியில் வைக்க அனுமதி. நடக்காவிட்டால், கணபதி வைக்க இந்தக் கட்டடத்தில் வேறு பொது இடமே இல்லை.

"தாத்தா காலத்துலேர்ந்து ஒரு வருஷம் விட்டதில்ல வயினி. வெள்ளம் வந்தப்போ முட்டளவு தண்ணியில வெச்சோம். உங்க ஒரு வார்த்தையில இருக்கு. சொல்லிட்டு உக்காந்துருங்க, முடிஞ்சு போச்சு."

"எந்த வார்த்தையை?" என்றாள் வைஜயந்தி.

பபன் டீயைப் பார்த்தான். ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் தத்தாராம், படித்த பக்கத்தையே மறுபடி படித்தார்.

தத்தாராம் தாவ்டே வாயில்லாப் பூச்சி என்று ஊர் சொல்லும். அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். ஆரத்திக்கு டோலக் வாசிக்கும் அந்தப் பத்து நாள்தான் அவருக்கு வருஷம். மற்ற நாளெல்லாம் அதற்கு முன்னுரை. பெண்டாட்டி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பரண்மேலிருந்த டோலக்கை இறக்கி, துணியால் துடைத்து, மறுபடி பரண்மேல் வைத்தார்.

அதைப் பார்க்கத்தான் வைஜயந்திக்குப் பொறுக்கவில்லை.

மத்தியானம் மகளோடு மூண்டது.

கேத்தகிக்கு வங்கியில் வேலை. நேற்று ஆபீசுக்குப் போனவளை மேனேஜர், "என்ன கேத்தகி, வீட்டுல தயிர் தீர்ந்து போச்சாமே" என்று கேட்டிருக்கிறார். கூட இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். இந்தக் கட்டடத்து வீடியோ அந்த ஆபீஸ் வரைக்கும் எப்படிப் போனதோ. வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் யாரோடும் பேசவில்லை. இப்போது சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து ஆரம்பித்தாள்.

"சாரி சொல்லிரு ஆயி. கதவையும் சாத்திரு. மத்தவங்க எல்லாரும் சாத்திட்டுத்தானே இருக்காங்க? செத்தா போயிட்டாங்க?"

"மத்தவங்க சாத்தினா நானும் சாத்தணுமா? நான் என்ன திருடிட்டா ஒளிச்சு வெச்சிருக்கேன்?"

"உனக்குப் புரியாது."

"புரியற மாதிரி சொல்லு."

கேத்தகி சொன்னாள். இத்தனை வருஷம் சேர்த்து வைத்ததை ஒரே மூச்சில் கொட்டினாள். பத்தாவது பரீட்சைக்குக் கட்டிலுக்கு அடியில் படுத்துப் படித்தது. கயிற்றில் தொங்கிய சேலைக்குப் பின்னால் நின்று உடை மாற்றியது. காய்ச்சலில் கிடந்தாலும் தலைமாட்டில் நாலு பேர் உட்கார்ந்து மருமகள் கதை பேசியது. "நான் வயசுக்கு வந்தது எனக்குப் புரியறதுக்கு முன்னாடியே மூணாவது மாடிக்குத் தெரிஞ்சிருச்சு. அழணும்னாகூட மொட்டை மாடிக்கு ஓடணும் எனக்கு. அங்கேயும் யாராவது வடகம் காயப்போட்டுட்டு இருப்பாங்க."

கடைசி வாக்கியம் சிரிக்கிற மாதிரி இருந்தது. கேத்தகி சிரிக்கவில்லை.

வைஜயந்திக்குப் பதில் இல்லாமல் இல்லை. டபுள் டியூட்டி முடித்து நடுராத்திரி வரும் நாட்களில் இந்தப் பெண்ணுக்குச் சோறு ஊட்டியது யார்? தலை பின்னி ஸ்கூலுக்கு அனுப்பியது யார்? தத்தாராம் ஒரு தடவை மயங்கி விழுந்தபோது தோளில் தூக்கிக்கொண்டு படியிறங்கியது யார்? எல்லாம் அந்தத் திறந்த கதவு வழியாக வந்தவர்கள். இதையெல்லாம் அவள் சொல்லவும் சொன்னாள், கண்டக்டர் குரலில்.

"அவங்க எனக்குச் சோறு போட்டாங்க. அதை நான் மறக்கல. அதுக்காக ஆயுசு பூரா நான் நடுத்தெருவுல குடியிருக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, கேத்தகி பாதித் தட்டில் கை கழுவினாள்.

சாயங்காலம் கார் நிறுத்தும் தளத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். மேல்மாடிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பழைய ஆட்கள் தூண்களை ஒட்டி நின்றார்கள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது, யாரும் உட்காரவேண்டாம் என்று சொல்லவும் இல்லை. ஆனாலும் நின்றார்கள். வைஜயந்திக்கு அதைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. முதல் வரிசையில் போய், தத்தாராமை ஒரு பக்கமும் கேத்தகியை ஒரு பக்கமும் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கார்க்கானிஸ் பெரிய கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தவர். மனிதர் அதிர்ந்து பேச மாட்டார், அவர் மராத்தியில் ஒரு கல் கூடத் தட்டுப்படாது. யாரையும் புண்படுத்துவது நோக்கமில்லை, நாமெல்லாம் ஒரே குடும்பம், குடும்பத்துக்கு ஒழுங்கு வேண்டும் என்று ஆரம்பித்து, "தாவ்டே பாயி தன் மனசுல இருக்கறதைச் சொல்ல விரும்பறாங்கன்னு கேள்விப்பட்டேன்" என்று முடித்தார்.

பபன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். வைஜயந்தி எழுந்தாள். சேர்மன் பக்கம் திரும்பவில்லை, மூன்றாவது வரிசையில் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூர்வியின் பக்கம் திரும்பினாள்.

"பூர்வி, உன்னை நான் பயமுறுத்திட்டேன். அது தப்புதான். உன் வீட்டு வழக்கம் வேற, நான் அதை யோசிக்கல. இனிமே உன்னைக் கேக்காம உள்ள வர மாட்டேன்."

பூர்வி குனிந்த தலையை ஆட்டினாள். அவள் புருஷன் மேலே ஓடும் குழாய்களை ஆராய்ந்தான். கார்க்கானிஸ் முகம் மலர்ந்து, நன்றி சொல்லி, அடுத்ததாகக் கதவு விஷயம் என்று தொண்டையைச் செருமினார்.

"நான் இன்னும் முடிக்கல," என்றாள் வைஜயந்தி. "அவ வீட்டுக் கதவு அவ இஷ்டம். என் வீட்டுக் கதவு என் இஷ்டம். அது திறந்துதான் இருக்கும். யார் வேணா வாங்க, தயிர் வேணுமா, எடுத்துக்கிட்டுப் போங்க. எங்க வீட்டுல கேமரா இல்ல."

தூண்கள் பக்கமிருந்து சிரிப்பு வந்தது. இரண்டு நாளாக அமுங்கிக் கிடந்த சிரிப்பு.

கார்க்கானிஸ் சிரிக்கவில்லை. விதி என்றால் அனைவருக்கும் விதி, அவரவர் வசதிக்கு வளைத்தால் கட்டடத்தை நடத்த முடியாது என்று பொறுமையாக விளக்கினார். பிறகு அதே பொறுமையோடு, "நீங்க ஒத்துழைக்கலைன்னா, லாபி விஷயத்துல என்னாலும் ஒத்துழைக்க முடியாம போயிரும். அது உங்க ஆளுங்களுக்குத்தான் கஷ்டம்" என்றார்.

சிரிப்பு சட்டென்று நின்றது. பபனின் முகத்தை வைஜயந்தி பார்த்தாள். அவனுக்குப் பின்னால் நின்ற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அத்தனை பேர் கணபதியைத் தன் ஒருத்தி பிடிவாதத்துக்கு அடகு வைக்கிறோமா என்று நினைத்தபோது அவளுக்குப் பயம் வந்தது. உட்கார்ந்துவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

பக்கத்தில் தத்தாராமின் விரல்கள் அவர் தொடையில் மெல்லத் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. தான் தாளம் போடுவது அவருக்கே தெரியவில்லை.

"லாபி வேண்டாம்," என்றாள் வைஜயந்தி.

எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"வெச்சுக்குங்க உங்க லாபியை. இந்த வருஷம் சால் கணபதி எங்க வீட்டு ஹால்ல உக்காருவார். வாசல்ல நுழையற உயரத்துக்கு மூர்த்தி செய்யச் சொல்லுவோம். பத்து நாளும் எங்க வீட்டுலதான். கார்க்கானிஸ் சாகேப், உங்க வீட்டுக்கும் வருஷா வருஷம் கணபதி வரார். வந்த பிறகு நீங்க வீட்டைப் பூட்டிட்டு வெளிய போவீங்களா? தரிசனத்துக்கு வரவங்களை வாசல்ல நிறுத்துவீங்களா?"

கணபதி இருக்கிற வீட்டில் கதவைச் சாத்தி ஆளை மறிக்கிற வழக்கம் அந்த ஊரில் எந்த மாடியிலும் கிடையாது.

"விதி விதின்னீங்களே. அவர் உக்காந்திருக்கும்போது நீங்களே வந்து சாத்துங்க. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

கார்க்கானிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. அப்போதுதான், கூட்டங்களில் இதுவரை வாயே திறந்திராத தத்தாராம் மிகவும் மரியாதையாக ஒரு சந்தேகம் கேட்டார். "ஆரத்திக்கு நம்ம ஆளுங்க எல்லாரும் உள்ள அடங்க மாட்டாங்களே. வராந்தாவுல நிப்பாங்க. லிஃப்ட் வரைக்கும் வந்துருவாங்கன்னு நினைக்கிறேன். பரவாயில்லையா சாகேப்?"

பபன் விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தான். அவ்வளவுதான், தூண்களெல்லாம் உயிர் பெற்றுவிட்டன. கூட்டத்தை ஒத்திவைப்பதாக கார்க்கானிஸ் சொன்னது முதல் வரிசையைத் தாண்டிக் கேட்டிருக்காது. மேல்மாடிக்காரர்களில்கூட இரண்டு பேர் சிரித்ததை நான் சொல்லத்தான் வேண்டும்.

வைஜயந்திக்குக் கண்ணில் நீர் முட்டியது. தத்தாராமைப் பார்த்தாள். மனுஷன் புது மாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார். அதே சந்தோஷத்தோடு இந்தப் பக்கம் திரும்பினாள். கேத்தகியின் நாற்காலி காலியாக இருந்தது.

லிஃப்டில் அடைத்துக்கொண்டும் படியேறியும் பாதி சால் ஏழாவது மாடிக்கு வந்து சேர்ந்தது. மூர்த்தி எந்த மூலையில், மாலை யார் பொறுப்பு, மோதகம் எந்த வீட்டில் என்று வரும் வழியிலேயே சண்டை தொடங்கியாயிற்று. எல்லாருக்கும் முன்னால் வந்த வைஜயந்தி வராந்தா திருப்பத்தில் நின்றுவிட்டாள்.

அவள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

தள்ளிப் பார்த்தாள். தத்தாராம் சாவியைப் போட்டுத் திருப்பினார். பூட்டு திறந்தது, கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள்.

"கேத்தகி," என்று கூப்பிட்டாள்.

"யாரு?" என்றது உள்ளேயிருந்து.

"யாருன்னா? நான்தான்டி. ஆயி."

பிறகு கதவுக்கு மிக அருகில், சத்தம் போடாமல், கேத்தகி பேசினாள். "பூர்விகிட்ட, இனிமே கேக்காம உள்ள வர மாட்டேன்னு சொன்னே. அத்தனை பேர் முன்னாடி. எனக்குக் கேட்டுச்சு."

"ஆமா, சொன்னேன்."

"பத்து நாளைக்கு வீட்டை ஊருக்குத் திறந்து விட்டியே, என்னை எப்போ கேட்டே?"

வராந்தாவில் மோதகச் சண்டை அடங்கிவிட்டது. பபன் சுவரைப் பார்த்தான். கேட்கவேண்டும் என்று வைஜயந்திக்குத் தோன்றவே இல்லை, அதுதான் உண்மை. அந்த உண்மை அவளைச் சுட்டது.

"நீ சாரி சொல்ல வேண்டாம் ஆயி. கணபதி வேண்டாம்னும் நான் சொல்லல. பெல் அடி. ஒரே ஒரு தடவை. நான் திறக்கறேன்."

கதவோரம் வெள்ளை ஸ்விட்ச் ஒன்று இருந்தது. குடிவந்த நாளிலிருந்து யாரும் தொட்டதில்லை, பில்டர் ஒட்டிய பிளாஸ்டிக் உறை கூட இன்னும் பிரியவில்லை. வைஜயந்தி அதைப் பார்த்தாள். சொந்த வீட்டுக்குள் போகப் பெல் அடிப்பதா? விருந்தாளியா அவள்? உடம்பெல்லாம் ஒரு முரண்டு எழுந்தது. மத்தியானம் பாதித் தட்டில் எழுந்துபோன பெண்ணின் முகமும் கூடவே எழுந்தது.

தத்தாராம் கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தார். ஒவ்வொருவராகப் படியிறங்கினார்கள். கடைசியாகப் போன பபன், எதுவும் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள் வயினி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

வைஜயந்தி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சாத்திய கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். சால் வராந்தாவில் உட்காருவதுபோலவே, காலை நீட்டி.

"நான் இங்கதான் இருக்கேன்," என்றாள். "உனக்கு எப்போ திறக்கணும்னு தோணுதோ, அப்போ திற."

"உனக்கு எப்போ அடிக்கணும்னு தோணுதோ, அப்போ அடி."

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தத்தாராம் நடுவில் நின்றார். கதவுக்கு அந்தப் பக்கத்திலும் யாரோ முதுகைச் சாய்த்துத் தரையில் உட்காரும் சத்தம் கேட்டது.